சம்பளத்தை ரூபாயில் பெருக்காதீர்கள், வாடகையோடு வகுத்துப் பாருங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

மகள் வீட்டுக்கு மினியாபொலிஸ் வந்து நான்கு மாதம் ஆகிறது. ஊரிலிருந்து போனில் பேசுகிறவர்கள் முதலில் குளிர் எப்படி என்று கேட்கிறார்கள். அடுத்த கேள்வி, "மாப்பிள்ளைக்கு எவ்வளவு சார் சம்பளம்?" நான் பதில் சொல்வதற்குள் அவர்களே ஒரு தொகையை ஊகித்து, அதை எண்பத்தைந்தால் பெருக்கி, "அடேயப்பா" என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள்.

முப்பத்திரண்டு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். பெருக்கல் சரிதான், ஆனால் இந்த இடத்தில் போட வேண்டிய கணக்கு பெருக்கல் இல்லை. சம்பளம் டாலரில் வருகிறது. வாடகை, பால், மருந்து எல்லாம் டாலரில்தான் போகிறது. ஒரு குடும்பம் மூச்சுத் திணறாமல் வாழ்கிறதா என்று தெரிய வேண்டுமானால் வகுக்க வேண்டும். மாத வருமானத்தில் எத்தனை பங்கு வீட்டுக்குப் போகிறது? அந்த ஒரு எண் போதும், பாதிக் கதை தெரிந்துவிடும்.

அமெரிக்காவில் இதற்கு ஒரு அளவுகோல் வைத்திருக்கிறார்கள். வருமானத்தில் 30 சதவீதத்துக்கு மேல் வீட்டுக்குச் செலவானால் அந்தக் குடும்பம் சுமை தாங்குகிறது என்று பொருள். பாதிக்கு மேல் போனால் கடுமையான சுமை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வீட்டுவசதி ஆய்வு மையம் போட்ட கணக்குப்படி, 2022-ல் இந்த நாட்டில் 2 கோடியே 24 லட்சம் வாடகைக் குடும்பங்கள் அந்த 30 சதவீதக் கோட்டைத் தாண்டி இருந்தன. வாடகை வீட்டில் இருப்பவர்களில் ஏறத்தாழ சரிபாதி. உலகத்திலேயே பெரிய பணக்கார நாடு என்கிறோம். அங்கே வாடகைக்கு இருக்கும் இரண்டு குடும்பங்களில் ஒன்று, மாதம் பிறந்தாலே பயப்படுகிறது.

நியூயார்க், சான்பிரான்சிஸ்கோ கதை எல்லோருக்கும் தெரியும். மினியாபொலிஸ் அப்படிப்பட்ட ஊர் இல்லை. மிசிசிப்பி ஆற்றங்கரையில், ஒரு காலத்தில் மாவு ஆலைகளால் வளர்ந்த நடுத்தர நகரம். 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை சுமார் 4 லட்சத்து 30 ஆயிரம். 2011 கணக்கெடுப்பில் நம் திருநெல்வேலி மாநகராட்சியில் இருந்தவர்கள் 4 லட்சத்து 70 ஆயிரத்துக்குக் கொஞ்சம் மேல். ஆகவே அளவு புரிந்திருக்கும். இப்படிப்பட்ட ஊரில் வீட்டுக் கணக்கு எப்படி ஓடுகிறது என்று பார்த்தால்தான் சாதாரண அமெரிக்கரின் நிலை தெரியும்.

நமக்குத் தெரிந்த தொழிலிலிருந்தே ஓர் உதாரணம். 2022 மார்ச்சில் இந்த ஊர் அரசுப் பள்ளி ஆசிரியர்களும் வகுப்பறை உதவியாளர்களும் மூன்று வாரம் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1970-க்குப் பிறகு இங்கே ஆசிரியர்கள் வீதிக்கு வந்தது அப்போதுதான். அதில் முக்கியமான கோரிக்கை உதவியாளர்களின் தொடக்கச் சம்பளம். வருஷத்துக்கு 24,000 டாலர் அளவில் இருந்ததை 35,000 ஆக்குங்கள் என்று கேட்டார்கள். எண்பத்தைந்தால் பெருக்குகிறவர்கள் 24,000 டாலரையே 20 லட்சம் ரூபாய் என்பார்கள். நாம் வகுத்துப் பார்ப்போம். 24,000-ல் 30 சதவீதம் 7,200. மாதத்துக்கு 600 டாலர். ஒரு படுக்கையறை வீடு ஆயிரம் டாலருக்கு மேல் போகிற ஊரில் 600 டாலருக்கு என்ன கிடைக்கும்? அவர்கள் கேட்ட 35,000 முழுசாகக் கிடைத்திருந்தாலும் மாதம் 875 டாலர்தான். அப்போதும் கணக்கு உதைக்கிறது.

வீடு மட்டுமா செலவு? ஊருக்குள் பஸ்ஸும் இரண்டு ரயில் தடங்களும் இருந்தாலும் பெரும்பாலோருக்குக் கார் இல்லாமல் முடியாது. காருக்கு இன்சூரன்ஸ், உடம்புக்கு இன்சூரன்ஸ், வீட்டுக்கு இன்சூரன்ஸ். கைக்குழந்தையைப் பகலில் காப்பகத்தில் விட்டால் மாதம் ஆயிரம் டாலருக்கு மேல் ஆகிறது. தாத்தா பாட்டிகள் ஆறு ஆறு மாதமாக முறைவைத்து விமானம் ஏறுவதற்குப் பாசம் ஒரு காரணம், இந்தக் கட்டணம் இன்னொரு காரணம். நல்லதையும் சொல்ல வேண்டும். மின்னசோட்டா மாநிலத்தில் துணிமணிக்கும் மளிகைக்கும் பொதுவாக விற்பனை வரி கிடையாது. அக்டோபர் முதல் ஏப்ரல் முடிய, பாக்கியைத் தவணையில் கட்ட ஒப்புக்கொண்டு அதைக் கட்டிவருகிறவர் வீட்டின் ஹீட்டர் இணைப்பைத் துண்டிக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. மைனஸ் இருபது டிகிரியில் ஹீட்டர் நின்றால் உயிர் போய்விடும்.

இதெல்லாம் கூட்டிக் குறைத்துச் சமாளிக்கிற செலவுகள். பழைய கார் வாங்கலாம், மலிவான கடைக்குப் போகலாம். வாடகையில் அப்படி ஒன்றும் குறைக்க முடியாது. கேட்டதைக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் காலி செய்ய வேண்டும்.

சரி, சொந்த வீடு வாங்கிக்கொள்ளலாமே என்பார்கள். அங்கே வட்டி குறுக்கே நிற்கிறது. இங்கே வீட்டுக்கடன் வட்டி பெரும்பாலும் 30 வருஷத்துக்கு மாறாதது. 2021 ஜனவரியில் அந்தச் சராசரி வட்டி 2.65 சதவீதம். 2023 அக்டோபரில் 7.79. மூன்று லட்சம் டாலர் கடனுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 3 சதவீதம் என்றால் மாதத் தவணை சுமார் 1,265 டாலர். 7 சதவீதம் என்றால் 1,996. அதே வீடு, அதே கடன். மாதம் 731 டாலர் வித்தியாசம். முப்பது வருஷத்தில் 2 லட்சத்து 63 ஆயிரம் டாலர். இரண்டு வருஷம் முந்திப் பிறந்து, இரண்டு வருஷம் முந்தி வேலைக்குச் சேர்ந்தவருக்கும் பிந்தியவருக்கும் உள்ள வித்தியாசம் இது. திறமைக்கும் உழைப்புக்கும் இதில் சம்பந்தமே இல்லை. குறைந்த வட்டியில் வாங்கியவர் அந்தக் கடனை விட மனசில்லாமல் வீட்டை விற்பதில்லை. விற்பனைக்கு வரும் வீடுகள் குறைகின்றன. புதிதாக வருகிறவர் வாடகையிலேயே நிற்கிறார்.

வட்டி டெல்லி மாதிரி தூரத்தில் முடிவாகிற விஷயம். ஊர்க்காரர்கள் கையில் இருக்கிற காரணம் ஒன்று உண்டு. அதைத்தான் இந்தப் பதிவில் முக்கியமாகச் சொல்ல வந்தேன். எந்த மனையில் எத்தனை வீடு கட்டலாம் என்கிற விதி.

அமெரிக்க நகரங்களில் பெரும்பகுதி நிலத்தில் ஒரு மனைக்கு ஒரே ஒரு தனி வீடுதான் கட்டலாம் என்று சட்டமே இருந்தது, பல ஊர்களில் இன்னும் இருக்கிறது. மாடி போட்டு வாடகைக்கு விடுவது நமக்குச் சாதாரணம். கீழே நாம், மேலே ஒரு குடும்பம், அந்த வாடகையில் பிள்ளையின் படிப்பு. இங்கே பல தெருக்களில் அது சட்டவிரோதம். இப்படி நிலத்தைப் பிரித்து விதி போட நகரங்களுக்கு உரிமை உண்டு என்று 1926-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒஹாயோ மாநிலத்தில் யூக்ளிட் என்ற ஊர் சம்பந்தப்பட்ட வழக்கு. நாம் வடிவியலில் நடத்துகிற அதே யூக்ளிட் பெயரை நில அளவைக்காரர்கள் அந்த ஊருக்கு வைத்திருந்தார்கள். அந்தத் தீர்ப்பில், தனி வீடுகளுக்கு நடுவே வரும் அடுக்குமாடிக் கட்டடத்தை ஒட்டுண்ணியோடு ஒப்பிட்டு எழுதினார்கள். கட்டடத்தைச் சொன்னார்களா, அதில் குடியிருப்பவர்களைச் சொன்னார்களா என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

மினியாபொலிஸில் இதற்கு முன்கதை ஒன்று இருக்கிறது. 1910-லிருந்து வீட்டுப் பத்திரங்களில் ஒரு நிபந்தனை எழுத ஆரம்பித்தார்கள். கறுப்பினத்தவருக்கும் ஆசியர்களுக்கும் இந்த வீட்டை விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது என்று. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஒரு குழு பழைய பத்திரங்களைத் தேடித் தேடி, பொதுமக்களையும் சேர்த்துக்கொண்டு படித்து, அப்படிப்பட்ட ஆயிரக்கணக்கான மனைகளை வரைபடத்தில் குறித்திருக்கிறது. 1948-ல் உச்ச நீதிமன்றம் அந்த நிபந்தனைகள் செல்லாது என்ற நிலையை உண்டாக்கியது. 1968-ல் மத்திய சட்டமே வந்தது. ஆனால் பத்திரம் போன பிறகும் தனி வீட்டு விதி இருந்தது. விலை கொடுக்க முடிந்தவர் மட்டும் உள்ளே வரலாம். ஆளைப் பார்த்து வேண்டாம் என்று சொல்ல வேண்டிய அவசியமே இல்லை, விலையே சொல்லிவிடும். 'வெஜிடேரியன் மட்டும்' என்று வாடகைப் பலகை மாட்டுகிற ஊரிலிருந்து வந்த நமக்கு இது புரியாத விஷயமில்லை.

இந்த ஊர் அந்த விதியை மாற்றியது. 2018 டிசம்பரில் நகர கவுன்சில் 12-க்கு 1 என்ற ஓட்டில் '2040 திட்டம்' என்பதை நிறைவேற்றியது. குடியிருப்பு நிலத்தில் ஏறத்தாழ 70 சதவீதம் தனி வீட்டுக்கு மட்டும் என்று இருந்தது. இனி எங்கும் ஒரு மனையில் மூன்று வீடு வரை கட்டலாம், பஸ், ரயில் போகும் சாலைகளில் உயரமாகவும் கட்டலாம் என்றார்கள். 2021-ல் இன்னொரு விதியையும் எடுத்தார்கள். புதுக் கட்டடத்தில் இத்தனை கார் நிறுத்த இடம் கட்டாயம் என்ற விதி. கட்டடத்துக்குள் ஒரு கார் நிறுத்த இடம் கட்டவே பல ஆயிரம் டாலர் ஆகும். கார் இல்லாதவரும் தன் வாடகையில் அதைச் சுமந்துகொண்டிருந்தார். திட்டத்தை எதிர்த்து சுற்றுச்சூழல் சட்டத்தின் கீழ் வழக்குப் போட்டார்கள், நீதிமன்றம் நிறுத்திவைத்தது, 2024-ல் மாநிலச் சட்டமன்றம் தலையிட்டுத்தான் சிக்கல் தீர்ந்தது.

பலன் என்ன? பியூ அறக்கட்டளை வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். 2017-லிருந்து 2022 வரை மினியாபொலிஸில் வீடுகளின் எண்ணிக்கை 12 சதவீதம் கூடியது, வாடகை 1 சதவீதம் கூடியது. மின்னசோட்டாவின் மற்ற பகுதிகளில் வீடுகள் 4 சதவீதம்தான் கூடின, வாடகை 14 சதவீதம் ஏறியது. அந்த ஐந்து வருஷத்தில் நாட்டின் பொது விலைவாசி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உயர்ந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இந்த ஊரில் வாடகை உண்மையில் இறங்கியிருக்கிறது.

நேர்மையாக இரண்டு விஷயம் சொல்லிவிட வேண்டும். ஒன்று, பத்திரிகைகள் கொண்டாடிய அந்த மூன்று வீட்டு அனுமதியால் வந்த வீடுகள் கொஞ்சம்தான். பெரும்பாலானவை முக்கியச் சாலைகளில் எழுந்த, இருபது வீடுகளுக்கு மேல் கொண்ட கட்டடங்கள். இரண்டு, கொரோனாவுக்குப் பிறகு ஆட்கள் குறைந்ததும் வாடகை ஏறாததற்கு ஒரு காரணம் என்று சொல்வோர் உண்டு. இருக்கலாம். ஆனால் கட்டியே இருக்காவிட்டால் இந்தக் கணக்கு வந்திருக்காது.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் செயின்ட் பால். இரட்டை நகரம் என்றுதான் சொல்வார்கள், நெல்லையும் பாளையங்கோட்டையும் மாதிரி. அவர்கள் வேறு வழியில் போனார்கள். 2021 நவம்பரில் மக்கள் ஓட்டுப் போட்டு, வருஷத்துக்கு 3 சதவீதத்துக்கு மேல் வாடகையை ஏற்றக் கூடாது என்று சட்டம் கொண்டுவந்தார்கள். நோக்கம் நல்லது. ஆனால் இனிமேல் கட்டப்போகிற வீடுகளுக்கும் அதே வரம்பு என்று வைத்தார்கள். அடுத்த சில மாதங்களில் புதுக் கட்டட அனுமதிகள் சரிந்தன. 2022 செப்டம்பரில் புதுக் கட்டடங்களுக்கு 20 வருஷ விலக்குக் கொடுத்தார்கள். 2025-ல் 2004-க்குப் பிறகு கட்டிய எல்லாவற்றுக்கும் விலக்கு. இருக்கிற குடித்தனக்காரரைக் காப்பாற்றுவது தேவைதான். ஆனால் வரப்போகிறவருக்கு வீடே கட்டாத ஊரில் அந்தக் காப்பு எத்தனை நாள் தாங்கும்?

இப்போது வீட்டுக்குள் நடந்த விஷயத்துக்கு வருகிறேன். மகள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, பஸ் போகும் சாலை முனையில், நான்கு மாடியில் நாற்பது சொச்சம் வீடுகள் கொண்ட கட்டடம் வரப்போகிறது. எதிர்த்துக் கையெழுத்து வாங்க அக்கம்பக்கத்தில் ஒரு கடிதம் சுற்றுகிறது. கார் நிறுத்த இடம் போகும், வெயில் மறையும், தெருவின் தன்மை கெடும், வீட்டு மதிப்பு குறையும் என்று நான்கு காரணங்கள். எழுதியவர்கள் நல்ல மனிதர்கள். பனி விழுந்தால் நம் வாசலையும் சேர்த்துத் தள்ளிவிடுகிறவர்கள்.

மகள் கேட்டாள், "போடட்டுமாப்பா? இவங்களோடதானே தினமும் முகத்துல முழிக்கணும்." மாப்பிள்ளைக்கு வேறு கவலை. "மாமா, நாங்க சேர்த்து வச்சது எல்லாமே இந்த வீட்டுலதான் இருக்கு. விலை இறங்கிட்டா என்ன பண்றது?"

அவர் கவலையில் நியாயம் இருக்கிறது. அதை அலட்சியமாகப் பேசக் கூடாது. நான் சொன்னது இதுதான். "மாப்பிள்ளை, நீங்க 2021-ல வாங்கினீங்க, 3 சதவீத வட்டி. உங்க தவணை முப்பது வருஷத்துக்கு அசையாது. சொத்துவரியும் ஆலங்கட்டி மழை புண்ணியத்துல இன்சூரன்ஸும்தான் ஏறும். அந்தக் கட்டடத்துல குடிவரப்போறவங்களுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. நம்ம வீட்டு விலை ஏறணும்னா அவங்க வாடகை ஏறணும். ரெண்டும் ஒரே கணக்கோட ரெண்டு பக்கம்."

அந்தக் கட்டடத்தில் யார் குடிவருவார்கள்? பேரன் படிக்கிற பள்ளியில் ஒரு வகுப்பறை உதவியாளர் இருக்கிறார். நான் பேரனை அழைக்கப் போகும்போது வாசலில் பேசுவோம். பிள்ளைகளை அவ்வளவு அன்பாகப் பார்த்துக்கொள்கிறவர். ஜனவரிக் குளிரில் இரண்டு பஸ் மாறி வருகிறார். பள்ளிக்குப் பக்கத்தில் வீடு கிடைத்தால் வருவீர்களா என்று கேட்டேன். சிரித்தார். மூன்று வருஷத்தில் மூன்று வீடு மாறியாயிற்றாம். ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் தூரம். அவருடைய மகளும் ஒவ்வொரு முறையும் பள்ளி மாறியிருக்கிறாள்.

பள்ளி மாறுவது என்றால் என்ன என்று ஆசிரியர்களுக்குத் தெரியும். செங்கல் சூளை வேலைக்குப் போகிற குடும்பத்துப் பிள்ளைகள் என் வகுப்பிலும் இருந்தார்கள். பின்னம் நடத்தும்போது இருப்பான், தசமம் நடத்தும்போது இருக்க மாட்டான். திரும்பி வரும்போது வகுப்பு சதவீதத்தில் இருக்கும். மண்டு என்று பெயர் வாங்கிக்கொண்டு கடைசி பெஞ்சுக்குப் போவான். அவன் மண்டு இல்லை, அவனுக்கு ஒரே இடத்தில் இருக்க வீடு இல்லை. மினியாபொலிஸில் இதைப் புரிந்துகொண்டு 2019-லிருந்து ஒரு திட்டம் நடத்துகிறார்கள். வீடில்லாமல் தவிக்கும் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளின் குடும்பங்களுக்கு வாடகை உதவி கொடுக்கிறார்கள். 'நிலையான வீடு, நிலையான பள்ளி' என்று பெயரிலேயே பாடம் இருக்கிறது.

புதுக் கட்டடம் வசதியானவர்களுக்குத்தானே, ஏழைக்கு என்ன பயன் என்று கேட்கலாம். பாதி நியாயமான கேள்வி. வசதியானவர் புது வீட்டுக்குப் போகாவிட்டால் பழைய வீட்டுக்குத்தான் போட்டி போடுவார், அந்தப் போட்டியில் உதவியாளர் தோற்பார். ஆகவே புது வீடு அவருக்கும் பயன். ஆனால் மாதம் 600 டாலர்தான் தர முடிகிறவருக்குச் சந்தை எந்தக் காலத்திலும் வீடு கட்டித் தராது. அங்கே அரசு உதவி வேண்டும். இந்த நாட்டில் மத்திய அரசின் வாடகை உதவிக்குத் தகுதியுள்ள நான்கு குடும்பங்களில் ஒன்றுக்குத்தான் அது கிடைக்கிறது. மற்ற மூன்றும் வரிசையில் நிற்கின்றன. வீடு கட்ட விடுவதும் வேண்டும், வாடகைக்கு உதவுவதும் வேண்டும். ஒன்றைக் காட்டி இன்னொன்றைத் தள்ளிப்போடுவது தப்பித்துக்கொள்ளும் வேலை.

ஊர் நிரம்பிவிட்டது, இனி இடமில்லை என்றும் அந்தக் கடிதத்தில் ஒரு வரி இருக்கிறது. 1950-ல் இந்த நகரத்தின் மக்கள்தொகை 5 லட்சத்து 21 ஆயிரம். இன்றைக்கு இருப்பதைவிட ஏறத்தாழ 90 ஆயிரம் பேர் அதிகம். ஆறும் அப்படியே இருக்கிறது, நிலமும் அப்படியே இருக்கிறது. இடம் குறையவில்லை, இடம் கொடுக்கிற மனசைப் பற்றித்தான் பேச வேண்டும்.

வட்டி ஏறிய பிறகு இங்கேயும் புதுக் கட்டட வேலைகள் குறைந்துவிட்டன. இப்போது கட்டாத வீடுகளின் வாடகையை மூன்று நான்கு வருஷம் கழித்துக் கொடுக்க வேண்டிவரும். அதனால்தான் ஒரு முனைக் கட்டடத்துக்கு எதிரான ஒரு கடிதம்கூட எனக்குச் சின்ன விஷயமாகத் தெரியவில்லை. நகரம் நல்ல சட்டம் போடலாம். அது தெருவுக்கு வரும்போது தெருக்காரர்கள் என்ன செய்கிறார்கள் என்பதில்தான் மீதி இருக்கிறது.

மகள் கையெழுத்துப் போடவில்லை. கட்டடம் வரட்டும் என்று நகர அலுவலகத்துக்கு நான்கு வரி மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறாள். மாப்பிள்ளை இன்னும் யோசிக்கிறார். பொது விசாரணை அடுத்த மாதம்.

இங்கே வீடு வாங்கிவிட்ட நம் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. நீங்களும் ஒரு காலத்தில் இரண்டு பெட்டியோடு வந்து, யாரோ கட்டிவைத்த அப்பார்ட்மென்டில்தான் முதல் மாத வாடகை கொடுத்தீர்கள். அந்தக் கட்டடத்தையும் யாரோ எதிர்த்திருப்பார்கள். ஊரில் இருக்கும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. "இன்னுமா வாடகை வீடு?" என்று பிள்ளைகளை அரிக்காதீர்கள். 7 சதவீத வட்டியின் கணக்கு மேலே இருக்கிறது, ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

மாற்றுக் கருத்து இருந்தால் பின்னூட்டத்தில் தாராளமாக எழுதுங்கள். வழக்கம்போல ஒரே நிபந்தனை, கணக்கோடு எழுதுங்கள்.